எண்ணப்பட்ட சந்தையும் எண்ணப்படாத சந்தையும்

தென்கொரிய அரசின் படைப்பு உள்ளடக்க முகமை, வீடியோ கேம் துறை குறித்து ஆண்டுதோறும் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிடுகிறது. 2022ஆம் ஆண்டுக்கான கணக்கில் கணினி கேம்களின் வருவாய் சுமார் 5.8 லட்சம் கோடி வோன். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்ற கன்சோல் கருவிகளில் ஆடும் கேம்களின் வருவாய் சுமார் 1.1 லட்சம் கோடி வோன். இது ஐந்து மடங்கு வேறுபாடு. அதே அட்டவணையில் இன்னொரு வரியும் இருக்கிறது: பிசி பாங், சுமார் 1.9 லட்சம் கோடி வோன். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துக் கணினியில் விளையாடும் கடைக்குத்தான் கொரியாவில் பிசி பாங் என்று பெயர். ராமென் நூடுல்ஸும் குளிர்பானமும் அங்கே விற்கும் என்றாலும், மக்கள் போவது விளையாடுவதற்காக. அங்கே செலவாகும் பணம் கணினி கேம் வரியில் சேர்வதில்லை, கடை வருமானமாகத் தனியே நிற்கிறது. கணினி முன் உட்கார இடம் கொடுத்த கடைகள் மட்டுமே, அந்த நாட்டில் கன்சோல் கேம்கள் அனைத்தையும்விட அதிகம் சம்பாதித்திருக்கின்றன.

கன்சோல் சந்தை பெரிதா, கணினிச் சந்தை பெரிதா என்ற கேள்வியை நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். பதில் ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணாக வருகிறது. அந்த எண்ணை யார் எண்ணினார்கள், எதை எண்ணினார்கள், எதை விட்டார்கள் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் பதில் முழுமையாகும். இரண்டு சந்தைகளுக்கும் இடையே நாம் காணும் வேறுபாட்டில் பெரும்பங்கு, கல்லாப்பெட்டி யார் கையில் இருக்கிறது என்பதிலிருந்து பிறக்கிறது. அதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உலகக் கணக்கு

துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் மதிப்பீடுகள், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் இயங்கும் நியூஸூ நிறுவனத்துடையவை. 2024 ஆகஸ்டில் அது வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அந்த ஆண்டு உலக விளையாட்டுச் சந்தை சுமார் 18,770 கோடி டாலர். இதில் ஏறத்தாழ பாதி, 9,260 கோடி, கைப்பேசிக்குப் போகிறது. கன்சோலுக்கு 5,190 கோடி, கணினிக்கு 4,320 கோடி. கன்சோலின் வருவாய் அந்த ஆண்டில் ஒரு சதவீத அளவில் சரிய, கணினியின் வருவாய் நான்கு சதவீத அளவில் வளரும் என்று அப்போது கணித்தார்கள்.

ஆட்களை எண்ணினால் வரிசை தலைகீழாகிறது. அதே நிறுவனத்தின் கணக்கில் கணினியில் விளையாடுவோர் சுமார் 90 கோடி. கன்சோலில் விளையாடுவோர் 60 கோடிக்குச் சற்று அதிகம். வகுத்துப் பார்த்தால், கணினியில் விளையாடுபவர் ஆண்டுக்குச் சராசரியாக 48 டாலர் செலவிடுகிறார், கன்சோலில் விளையாடுபவர் 80 டாலருக்கு மேல் செலவிடுகிறார். கூட்டம் ஒரு பக்கம் அதிகமாகவும் பணம் மறுபக்கம் அதிகமாகவும் இருக்கின்றன. கன்சோல் வைத்திருப்பவர்கள் வசதி மிகுந்த நாடுகளில் குவிந்திருப்பது இதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணம், கணக்கு எழுதும் முறையிலேயே இருக்கிறது.

நியூஸூவின் கணக்கு, நுகர்வோர் கேம்களுக்காகச் செலவிடும் பணத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது: முழு கேமின் விலை, கேமுக்குள் வாங்கும் பொருட்கள், சந்தா. கருவிகளின் விலை, வரி, பழைய டிஸ்க் மறுவிற்பனை, விளம்பர வருவாய் ஆகியவை இதில் கிடையா. இது நேர்மையான வரையறைதான். ஆனாலும் இரண்டு பக்கத்தையும் அது ஒரே மாதிரி தொடுவதில்லை.

சந்தாவை எடுத்துக்கொள்வோம். எக்ஸ்பாக்ஸில் இணையவழி ஆடுவதற்கு 2002 முதலே கட்டணம் உண்டு. பிளேஸ்டேஷனிலும் 2013இல் நான்காம் தலைமுறைக் கருவி வந்தபோது, பெரும்பாலான கேம்களை இணையத்தில் பிறரோடு ஆட பிளஸ் சந்தா கட்டாயமானது. கணினியில் இப்படிப்பட்ட நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒரே கேமை வாங்கிய இருவரில் கன்சோல்காரர் மட்டும் ஆண்டு முழுவதும் கூடுதலாகக் கட்டுகிறார். அந்தத் தொகை கன்சோல் சந்தையின் அளவாகப் பதிவாகிறது.

கருவிகளிடம் வந்தால் கதை எதிர்ப்பக்கம் சாய்கிறது. 2024 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில், என்விடியா நிறுவனத்தின் கேமிங் பிரிவு மட்டும் சுமார் 1,040 கோடி டாலர் வருவாய் ஈட்டியது. இதில் பெரும்பகுதி கணினிகளுக்கான கிராபிக்ஸ் கார்டுகளால் வந்தது. 2022 அக்டோபரில் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 என்ற ஒரு கார்டின் அறிமுக விலை 1,599 டாலர், அதாவது 499 டாலருக்கு அறிமுகமான மூன்று பிளேஸ்டேஷன் 5 கருவிகளின் விலையைவிட அதிகம். கேமுக்காக மட்டுமே கார்டு வாங்குகிறவர் கணினி விளையாட்டுக்குத்தான் செலவிடுகிறார். ஆனால் அந்தப் பணம் கணினி கேம் சந்தை என்ற தலைப்பின் கீழ் எங்கும் வருவதில்லை. பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனியின் கணக்கிலோ கருவி, கேம், சந்தா மூன்றும் ஒரே பிரிவில் சேர்கின்றன.

பூட்டிய கடையின் பிறப்பு

கன்சோல் இப்படிக் கட்டுக்கோப்பான சந்தை ஆனதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அட்டாரி கருவிக்கு யார் வேண்டுமானாலும் கேம் தயாரித்து விற்க முடிந்தது. தரமற்ற கேம்கள் கடைகளை நிறைத்தன. 1983இல் சுமார் 320 கோடி டாலராக இருந்த வீட்டு வீடியோ கேம் விற்பனை, இரண்டே ஆண்டுகளில் 10 கோடி டாலர் அளவுக்குச் சரிந்தது. விற்காத கேசட்டுகளை அட்டாரி நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ நகரக் குப்பைமேட்டில் புதைத்தது. 2014இல் தோண்டியபோது அவை வெளியே வந்தன.

1985இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் அமெரிக்காவுக்குள் நுழைந்தபோது இந்தப் பாடத்தை மறக்கவில்லை. தன் கருவிக்குள் ஒரு பூட்டுச் சில்லை வைத்தது. நின்டெண்டோவின் அனுமதி பெற்ற கேசட் மட்டுமே அதில் ஓடும். கேம் தயாரிப்பவர்கள் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும், ஒரு நிறுவனம் ஆண்டுக்கு ஐந்து கேம்களுக்கு மேல் வெளியிடக் கூடாது என்ற நிபந்தனைகளும் வந்தன. கருவியை விற்றவரே அதில் ஓடும் ஒவ்வொரு கேமிலிருந்தும் பங்கு பெறும் ஏற்பாடு அன்று உறுதிப்பட்டது.

இன்றுவரை கன்சோல் வணிகம் நிற்கும் தூண் அதுதான். கருவியை நஷ்டத்துக்கு விற்றாலும் கேம் விற்பனையில் மீட்டுக்கொள்ளலாம். எக்ஸ்பாக்ஸ் கருவி விற்பனையில் மைக்ரோசாஃப்ட் ஒருபோதும் லாபம் பார்த்ததில்லை என்று அந்நிறுவனத்தின் அதிகாரி ஒருவர், 2021இல் எபிக் என்ற கேம் நிறுவனத்துக்கும் ஆப்பிளுக்கும் இடையிலான வழக்கில் நீதிமன்றத்திலேயே சாட்சியம் சொன்னார். இப்படி நடக்கும் கடையில் எல்லாப் பணமும் ஒரே கல்லாவில் விழுகிறது. ஒரே கல்லாவில் விழும் பணத்தை எண்ணுவதும் எளிது. கருவி எத்தனை விற்றது, ஒவ்வொன்றுக்கும் எத்தனை கேம் விற்றது என்று காலாண்டுதோறும் அறிக்கை வருகிறது. பிளேஸ்டேஷன் 2 உலகெங்கும் 15.5 கோடிக்கு மேல் விற்றது என்று நம்மால் உறுதியாகச் சொல்ல முடிவது இதனால்தான். கணினிகளில் எத்தனை விளையாட்டுக்காக வாங்கப்பட்டன என்பதற்கு இப்படி ஒரு விற்பனைப் பதிவு எங்கும் இல்லை.

கண்ணில் படாத வளர்ச்சி

2000களின் பிற்பகுதியில் கணினி விளையாட்டு செத்துவிட்டது என்ற பேச்சு மேற்கு நாடுகளில் பரவலாக இருந்தது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது, என்பிடி ஆய்வு நிறுவனத்தின் அமெரிக்கக் கடை விற்பனைக் கணக்கு. அதன்படி 2008இல் கணினி கேம்களின் கடை விற்பனை சுமார் 70 கோடி டாலர். அதற்கு முந்தைய ஆண்டில் 90 கோடியைத் தாண்டியிருந்தது. கன்சோல் கருவிகளையும் கேம்களையும் சேர்த்து 2008இல் 2,100 கோடி டாலர் விற்றிருக்க, கணினியின் பங்கு தேய்ந்து மறைவது போலத்தான் தெரிந்தது.

ஆனால் அந்தக் கணக்கு எண்ணியது அட்டைப்பெட்டிகளை மட்டும். 2008 டிசம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஒரே ஒரு கணினி கேமுக்கு உலகெங்கும் 1.15 கோடிச் சந்தாதாரர்கள் இருந்தார்கள். அமெரிக்காவில் மாதக் கட்டணம் ஏறத்தாழ 15 டாலர். அதை நடத்திய பிளிஸார்டின் அந்த ஆண்டு உலக வருவாய் 100 கோடி டாலரைத் தாண்டியது. ஒன்று அமெரிக்கக் கணக்கு, மற்றது உலகக் கணக்கு என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் பணம் எந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது. கணினிக்காரர்கள் கடைக்குப் போவதை நிறுத்தியிருந்தார்கள், விளையாடுவதை நிறுத்தவில்லை.

அவர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம் ஸ்டீம் என்ற இணையக் கடை. அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003 செப்டம்பரில் இதைத் தொடங்கியது. 2004 நவம்பரில் வந்த ஹாஃப்-லைஃப் 2 கேமை ஆட ஸ்டீம் கட்டாயம் என்று ஆனபோது பலர் எரிச்சலடைந்தார்கள். பின்னர் அதுவே கணினி கேம்களின் மிகப் பெரிய கடையானது. 2025 மார்ச்சில் ஒரே நேரத்தில் 4 கோடிப் பேர் ஸ்டீமில் இணைந்திருந்தார்கள். ஆனால் வால்வ் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத தனியார் நிறுவனம். தன் வருவாயை வெளியிட வேண்டிய கடமை அதற்கில்லை, வெளியிடுவதுமில்லை.

இந்த வெற்றிடத்தை நிரப்ப 2015இல் ஸ்டீம்ஸ்பை என்ற இணையதளம் வந்தது. பயனர்களின் பொதுவில் தெரியும் கேம் பட்டியல்களை மாதிரியாக எடுத்து, எந்த கேம் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று அது மதிப்பிட்டது. 2018 ஏப்ரலில் வால்வ் அந்தப் பட்டியல்களை இயல்பாகவே மறைத்துவைக்கும்படி அமைப்பை மாற்றியது. பயனரின் அந்தரங்கத்தைக் காப்பது நியாயமானதுதான். ஆனால் அந்த மாற்றத்தோடு, கணினிச் சந்தையை வெளியிலிருந்து அளந்துபார்க்க உதவிய சிறந்த அளவுகோலும் மழுங்கியது. இன்று கணினி வருவாய் என்று வாசிக்கும் எண்ணில் ஸ்டீமின் பங்கு ஊகித்துப் பெறப்பட்டதே.

கன்சோல் பக்கத்திலும் இருட்டு மூலைகள் இல்லாமலில்லை. மைக்ரோசாஃப்ட் 2015 முதல் எக்ஸ்பாக்ஸ் கருவிகளின் விற்பனை எண்ணிக்கையைச் சொல்வதில்லை. அமெரிக்காவின் மாதாந்திர விற்பனைப் பட்டியல்களில் நின்டெண்டோவின் இணையவழி விற்பனை சேராது என்ற அடிக்குறிப்பு வருடக்கணக்கில் தொடர்கிறது. ஆனாலும் மூன்றே மூன்று பெரிய கடைகள் உள்ள தெருவில் ஒன்றிரண்டு சன்னல்கள் மூடியிருப்பதும், ஊர் முழுக்கப் பரந்த சந்தையில் பெரிய வியாபாரியே கணக்கைக் காட்டாமலிருப்பதும் ஒன்றல்ல.

கிழக்காசியா: சட்டம் வரைந்த எல்லை

ரசனை வேறுபாட்டால்தான் ஒரு நாட்டில் கன்சோலும் இன்னொரு நாட்டில் கணினியும் ஓங்குகின்றன என்று எண்ணத் தோன்றும். கொரியாவையும் சீனாவையும் பார்த்தால், ரசனைக்கு முன்பே சட்டம் வந்துவிட்டது தெரிகிறது.

ஜப்பானியக் காலனி ஆட்சியின் நினைவால், தென்கொரியா ஜப்பானியப் பண்பாட்டுப் பொருட்களின் இறக்குமதியை நெடுங்காலம் தடுத்துவைத்திருந்தது. நின்டெண்டோவின் கருவியை ஹூண்டாய் நிறுவனம் காம்பாய் என்ற வேறு பெயரில்தான் அங்கே விற்றது. தடை 1998 முதல் படிப்படியாகத் தளர்ந்தாலும் பிளேஸ்டேஷன் 2 அங்கே முறையாக வந்தது 2002இல். அதற்குள் 1997 நிதி நெருக்கடியில் வேலையிழந்தவர்களில் பலர் பிசி பாங் திறந்திருந்தார்கள். அகலக்கற்றை இணையம் விரைந்து பரவியது. 1998இல் வந்த ஸ்டார்கிராஃப்ட் அந்தக் கடைகளை நிரப்பியது. கன்சோல் வந்து சேர்ந்தபோது, விளையாட்டு என்றாலே நண்பர்களோடு தெருமுனைக் கடையில் கணினி முன் உட்காருவது என்ற பழக்கம் வேரூன்றிவிட்டது.

சீனா 2000 ஜூனில் கன்சோல் தயாரிப்பையும் விற்பனையையும் தடைசெய்தது. இளையோரின் நலன் காரணமாகச் சொல்லப்பட்டது. 2014இல் ஷாங்காய் சுதந்திர வர்த்தக மண்டலம் வழியாகத் தளர்த்தி, 2015இல் நாடு முழுவதும் நீக்கும்வரை அந்தத் தடை நீடித்தது. கள்ளச்சந்தையில் கருவிகள் கிடைத்தன என்பது உண்மை. ஆனால் கள்ளச்சந்தை எந்தக் கணக்கிலும் ஏறாது. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் ஒரு தலைமுறை முழுவதும் இணைய மையங்களில் கணினி முன் வளர்ந்தது. கேம் இலவசம், உள்ளே வாங்கும் பொருளுக்குக் காசு என்ற வணிகமுறையும் அங்கே செழித்தது.

விளைவை எண்ணிலேயே பார்க்கலாம். சீன ஒலி-ஒளி, டிஜிட்டல் பதிப்புச் சங்கத்தின் அறிக்கைப்படி 2024இல் அந்நாட்டின் விளையாட்டுச் சந்தை சுமார் 32,580 கோடி யுவான். கணினியில் நிறுவி ஆடும் கேம்களுக்கு அதில் சுமார் 6,800 கோடி. கன்சோலுக்கு சுமார் 450 கோடி, அதாவது கணினித் தொகையில் பதினைந்தில் ஒரு பங்கு. அதுவும் முந்தைய ஆண்டைவிட ஐம்பது சதவீதத்துக்கு மேல் வளர்ந்த பிறகு. 2024 ஆகஸ்ட் 20இல் வெளியான பிளாக் மித்: வுகாங் இந்த வளர்ச்சிக்கு முக்கிய உந்துதல். அந்த கேமும் பிளேஸ்டேஷன் 5, கணினி இரண்டிலும் வந்து மூன்றே நாட்களில் ஒரு கோடிப் பிரதிகள் விற்றது. ஸ்டீமில் ஒரே நேரத்தில் 24 லட்சம் பேர் அதை ஆடினார்கள். கன்சோல் உலகம் தனக்கே உரியதாக எண்ணியிருந்த ஒற்றை ஆள் ஆடும் பெருஞ்செலவு கேம், சீனாவில் பிறந்து கணினியில்தான் முதன்மையாக ஆடப்பட்டது.

ஆக, உலகத் தொகையில் கன்சோல் முன்னிற்கிறது என்பது வட அமெரிக்கா, மேற்கு ஐரோப்பா, ஜப்பான் ஆகியவற்றின் செலவு வழக்கம் மற்ற நாடுகளின் வழக்கத்தை எடையில் விஞ்சுகிறது என்பதே.

ஒரே கேம், பல கல்லாக்கள்

எபிக்கின் ஃபோர்ட்நைட் என்ற கேம் 2017 ஜூலையில் கணினிக்கும் கன்சோல்களுக்கும் ஒருசேர வந்தது. நண்பர்கள் வேறு வேறு கருவிகளில் இருந்தாலும் ஒரே ஆட்டத்தில் சேரலாம். அதன் வருவாய்ப் பகிர்வு சாதாரணமாக வெளியே வந்திருக்காது. எபிக்–ஆப்பிள் வழக்கின் ஆவணங்களில் அது வெளிவந்தது. 2018 மார்ச் முதல் 2020 ஜூலை வரையிலான வருவாயில் பிளேஸ்டேஷன் 4இன் பங்கு 46.8 சதவீதம், எக்ஸ்பாக்ஸ் ஒன்னின் பங்கு 27.5 சதவீதம். ஐஃபோன் வழி வந்தது 7 சதவீதம். கணினி, ஆண்ட்ராய்டு, நின்டெண்டோ ஸ்விட்ச் மூன்றும் சேர்ந்து எஞ்சிய 18.7 சதவீதம்.

ஒரே கேமில் கன்சோலின் பங்கு முக்கால்வாசி. கன்சோல்காரர்கள் தாராளமாகச் செலவிடுகிறார்கள் என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. அதேவேளை இந்த எண் பதிவுசெய்வது பணம் செலுத்தப்பட்ட இடத்தை. ஒருவர் வரவேற்பறையில் கன்சோல் வழியாக வாங்கிய அலங்கார உடையை, இரவில் தன் கணினியிலும் அணிந்து ஆடலாம். அவர் எங்கே அதிகம் ஆடினாலும் பணம் கன்சோல் பக்கமே எழுதப்படும்.

இரண்டு சந்தைகளையும் பிரிக்கும் கோட்டைச் சந்தா மேலும் அழிக்கிறது. 2017இல் தொடங்கிய மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ், 2019இல் கன்சோலுக்கும் கணினிக்கும் ஒரே கட்டணம் என்ற வடிவத்தையும் எடுத்தது. அந்த மாதக் கட்டணம் எந்தச் சந்தையைச் சேர்ந்தது? கருவிகளும் நெருங்கிவிட்டன. 2013 முதல் பிளேஸ்டேஷனும் எக்ஸ்பாக்ஸும் ஏஎம்டி நிறுவனத்தின் சில்லுகளில், கணினியின் அதே கட்டமைப்பில் ஓடுகின்றன. 2022இல் வால்வ் கொண்டுவந்த ஸ்டீம் டெக் கையடக்கக் கன்சோல் போன்ற தோற்றத்தில் கணினி கேம்களை ஓட்டுகிறது.

இந்த எல்லைத் தகராறு நீதிமன்றம்வரை போனது. மைக்ரோசாஃப்ட் 6,870 கோடி டாலருக்கு ஆக்டிவிஷன் பிளிஸார்டை வாங்க முன்வந்தபோது, அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் தடைகோரி வழக்குத் தொடுத்தது. உயர்திறன் கன்சோல்கள் தனிச் சந்தை, அதில் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் வரிசை மட்டுமே அடங்கும், கணினியும் ஸ்விட்சும் சேரா என்பது ஆணையத்தின் வாதம். சந்தை இவ்வளவு சிறியதாக வரையப்பட்டால் அதில் மைக்ரோசாஃப்ட் மிகப் பெரியதாகத் தெரியும். கணினியையும் சேர்த்து வரைந்தால் அது பல போட்டியாளர்களில் ஒன்றாகத் தெரியும். 2023 ஜூலையில் சான் ஃபிரான்சிஸ்கோ நீதிமன்றம் இடைக்காலத் தடை வழங்க மறுத்தது. அக்டோபரில் கைமாற்றம் முடிந்தது. தீர்ப்பைவிட இங்கே நமக்கு முக்கியம், இத்தனை கோடி டாலர் வணிகத்தில் இரு தரப்பும் முதலில் மோதிய இடம் கோட்டை எங்கே போடுவது என்பதுதான்.

எண்ணைப் படிக்கும் முறை

அப்படியானால் கேள்விக்குப் பதில் என்ன? நுகர்வோர் கேம்களுக்காகச் செலவிடும் பணத்தை மட்டும் எண்ணினால், இந்தப் பத்தாண்டின் நடுவில் உலக அளவில் கன்சோல் சற்றுப் பெரியது. ஆட்களை எண்ணினால் கணினி பெரியது. கொரியாவிலும் சீனாவிலும் பணத்தை எண்ணினாலும் கணினி பன்மடங்கு பெரியது. இவை ஒன்றோடொன்று முரண்படவில்லை, வேறு வேறு கேள்விகளுக்கான சரியான பதில்கள். புதிதாக கேம் உருவாக்கப் போகும் இளைஞரோ, முதலீடு செய்பவரோ, கொள்கை வகுப்பவரோ தன் கேள்வி எது என்று முதலில் முடிவுசெய்துகொண்டு, பிறகு எண்ணைத் தேட வேண்டும்.

எண்ணப்படாதவர்களின் இடத்தை ஒரு நிகழ்வு தெளிவாகக் காட்டியது. 2024 பிப்ரவரியில் சோனி ஹெல்டைவர்ஸ் 2 கேமை பிளேஸ்டேஷன் 5க்கும் கணினிக்கும் ஒரே நாளில் வெளியிட்டது. பன்னிரண்டு வாரங்களில் 1.2 கோடிப் பிரதிகள் விற்றன. மே மாதத்தில், கணினியில் ஆடுவோரும் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்கை இணைத்தாக வேண்டும் என்று சோனி அறிவித்தது. அப்போதுதான் ஒரு வரைபடம் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த நெட்வொர்க் முறையாக இயங்காத நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலும் பகுதிகளிலும் கேம் ஸ்டீமின் விற்பனைப் பட்டியலிலிருந்து இறங்கியது. எதிர்ப்பு பெருகியதால் சோனி சில நாட்களில் கட்டாயத்தைக் கைவிட்டது.

அந்த நெட்வொர்க் எட்டாத நாடுகளில் இலங்கையும் ஒன்று. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர் வேறொரு நாட்டைத் தன் நாடாகக் காட்டித்தான் கணக்குத் திறக்க முடியும். அவர் வாங்கும் ஒவ்வொரு கேமும் அந்த வேறு நாட்டின் கன்சோல் சந்தையில் சேரும். அவர் செலவழித்த பணம் உலகத் தொகையில் இருக்கிறது. அவர் வாழும் நாட்டின் கணக்கில் இல்லை.